பழைய செட்டும் புதிய போனும்: பெட்டியை விற்பதா, வேலையை விற்பதா?

எனது மேசை லாச்சியில் இரண்டு பற்றுச்சீட்டுகள் கிடக்கின்றன. காருக்குள் கையடக்கத் தொலைபேசியிலிருந்து ஒலி கேட்பதற்காகச் செய்த செலவுக்குரியவை இரண்டும். ஒன்று என் மச்சானுடையது. அதில் ஒரே வரிதான்: ‘அன்ட்ரொய்ட் பிளேயர் 1 - ரூபா 62,000’. மற்றது என்னுடையது. அதில் இரண்டு வரிகள்: ‘புளூடூத் அடப்டர் 1 - ரூபா 8,500. செட் கழற்றிப் பூட்டிய வேலைக்கூலி - ரூபா 4,000’.

நான் ஹாட்வெயார் வியாபாரி. வாகன மின்வேலை எனது தொழிலல்ல. ஆனாலும் இந்த இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நமது கடைகளுக்குள் பணம் எந்த வழியால் வருகிறது, எந்த வழியால் கைநழுவிப் போகிறது என்பது பற்றிச் சில விடயங்கள் மனதில் பட்டன.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடையில் ஏறக்குறைய ஐந்து வருடங்கள், அதற்குள் 2022 இன் நெருக்கடி வேறு. இருந்த வாகனத்தையே தட்டித் தடவி ஓட்டினோம். கதவு திறந்த பின்னரும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்களில் பலர், பழைய காருக்குப் புதிய டயர் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். நானும் அவர்களில் ஒருவன். 2003 இல் ஜப்பானில் செய்த கொரோலா 121 இன்னும் என்னோடுதான் இருக்கிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஏசி வேலை செய்கிறது. தொழிற்சாலையிலேயே பூட்டி வந்த ரேடியோ செட்டும் அப்படியே, சுருதி குறையாமல் பாடுகிறது. குறை ஒன்றுதான்: என் போனோடு அதற்குப் பேசத் தெரியாது.

புளூடூத் என்பது நேற்று வந்ததல்ல. எரிக்சன், நொக்கியா, ஐ.பீ.எம்., இன்டெல், தொஷிபா ஆகிய ஐந்து கம்பனிகள் சேர்ந்து 1998 இல் அதற்கான அமைப்பை ஆரம்பித்தன. ஆனால் கார் செட்டுகளுக்குள் அது நுழையச் சில வருடங்கள் எடுத்தது. நுழைந்த ஆரம்பத்திலும் பல செட்டுகளில் தொலைபேசி அழைப்புக்கு மட்டுமே வழி இருந்தது. ஸ்டீரியோ ஒலியை அனுப்புவதற்கென்று புளூடூத்தில் ‘ஏ-டூ-டீ-பீ’ எனும் தனியான முறை உண்டு. அது இல்லாத செட்டில் அழைப்பு வரும், பாட்டு வராது. ‘புளூடூத் உள்ள கார்’ என்று சொல்லி விற்ற வாகனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பின் பாட்டு வரவில்லையென்று சண்டைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். விற்றவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே விடயம் தெரியாது.

போன்களோ வேறு திசையில் ஓடின. முன்பு போனின் காதுத்துளையிலிருந்து செட்டின் ‘ஓக்ஸ்’ துளைக்கு ஒரு வயரைப் போட்டால் காரியம் முடிந்தது. 2016 இல் ஐபோன் 7 அந்தத் துளையை அடைத்துவிட்டு வந்தது. மற்றவர்களில் பலரும் பின்னால் போனார்கள். ஆகவே இன்று ஒருவர் பழைய காரோடு கடைக்கு வந்து ‘போனிலிருந்து கேட்க வேண்டும்’ என்றால், அவரை ஆடம்பரம் தேடுபவரென்று எண்ண வேண்டியதில்லை. கைக்கு வந்த போன் அப்படி. காசு கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஒரு வாடிக்கையாளர் அவர்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். சிகரெட் லைட்டர் குழியில் செருகும் சிறிய எப்.எம். கருவியொன்றை வாங்கினேன். அது போனிலிருந்து புளூடூத் மூலம் ஒலியை எடுத்து, எப்.எம். அலையாக விடும். செட் அதை ஒரு வானொலி நிலையமென்று நினைத்துப் பிடிக்கும். மலிவு, கழற்ற வேண்டியதில்லை, கம்பி வெட்ட வேண்டியதில்லை. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த காருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானின் எப்.எம். நீண்டகாலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையாகவே இருந்தது. நமது நாட்டில் 87.5 முதல் 108 வரை. இந்தக் கருவிகளும் 87.5 இலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே அந்தக் காலத்து ஜப்பான் செட்டுக்கும் கருவிக்கும் பொதுவாக உள்ள இடம் 87.5 க்கும் 90 க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய சந்து மட்டுமே. நமது நிலையங்களைப் பிடிப்பதற்காக ஏரியல் வயரில் ‘எக்ஸ்பேண்டர்’ பூட்டிய கார்களில் கணக்கு வேறு. அது அலையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 20 மெகாஹேர்ட்ஸ் இறக்குவதாயின் கருவியில் 98 என்று வைத்ததை செட்டில் 78 இல் தேட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் கருவியை விற்றால், வாங்கியவர் மறுநாள் ‘பழுது’ என்று திருப்பிக் கொண்டுவருவார். பழுது கருவியில் இல்லை.

எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. எப்படியோ ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். எனது கடை மாவனல்லையில். வாரத்துக்கு ஒரு தடவையாவது கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போக வேண்டும். ஊரில் வெறுமையாக இருந்த அலைவரிசை, பாதை இறங்க இறங்க வெறுமையாக இருக்கவில்லை. கேகாலை வரை நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒலி, அதற்கப்பால் ஏதோ ஒரு நிலையத்தோடு மல்லுக்கட்டும். பேச்சுக்கு நடுவே விளம்பரம் புகும். ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் பொத்தான். கண்டி வீதியில் பஸ்களுக்கிடையே இது நல்ல பழக்கமல்ல என்பதை நிட்டம்புவைக்கருகே ஒரு நாள் நன்றாக உணர்ந்தேன். அன்றே கழற்றி டேஷ்போர்ட்டுக்குள் போட்டேன்.

மச்சானின் கதை வேறு. அவரிடம் இருப்பது 2008 இன் பிரிமியோ. ஸ்டியரிங்கிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்களோடு வந்தது. போனிலிருந்து கேட்க வேண்டுமென்று ஒரு கடையில் நிறுத்தினார். கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் பழைய செட் ஹாஜி, கழற்றி வீசிட்டு அன்ட்ரொய்ட் ஒண்டு போடுவம்” என்றார். இரண்டு மணித்தியாலத்தில் பெரிய திரை பூட்டப்பட்டது. வாசலில் நின்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. டொயோட்டாவின் செட் இடம் 200 மில்லிமீற்றர் அகலம். பொதுவாகச் சந்தையில் வரும் செட் 178 அளவில் இருக்கும். இரு பக்கமும் அதற்கென்று உள்ள பட்டியை வைத்து அடைக்காமல், ஏதோ ஒரு கறுப்புப் பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டியிருந்தார்கள். வெயிலில் அது கழன்றது. ஸ்டியரிங் பொத்தான்கள் செத்துவிட்டன. அவற்றுக்குரிய கம்பிகள் தனியான ஓர் இணைப்பியில் வரும். அதைப் பொருத்தவே இல்லை. பத்து நாளில் காலையில் கார் ஸ்டார்ட் எடுக்கவில்லை. செட்டுக்கு இரண்டு மின்கம்பிகள் போக வேண்டும். ஒன்று எந்நேரமும் மின் இருப்பது, மற்றது சாவி திருப்பும்போது மட்டும் வருவது. இரண்டையும் சேர்த்து எந்நேரக் கம்பியிலேயே முறுக்கிவிட்டதால், கார் பூட்டிக் கிடக்கும்போதும் பிளேயர் தூங்காமல் பட்டரியைக் குடித்திருக்கிறது. அதையும் விட மச்சானுக்கு மனம் எரிந்தது வேறு விடயத்தில். ‘பழைய செட்டைத் தாருங்கள், அதையே பூட்டிவிடுகிறேன்’ என்று போனபோது, செட் இல்லை. ‘அது அப்பவே போச்சு’ என்றார்களாம். வீச வேண்டிய சாமான் என்று சொன்னது யாரோ ஒருவருக்கு விலைக்குப் போயிருக்கிறது.

அந்தக் கடைக்காரரைக் கள்வன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரது வியாபாரம் அமைந்திருக்கும் விதம் அவரை அந்தப் பதிலுக்குத் தள்ளுகிறது. அவர் வேலைக்கென்று தனியாக ஒரு சதமும் கேட்பதில்லை. ‘ஃபிட்டிங் இலவசம்’ என்று வாசலில் பலகை. இலவசமென்றால் அவரது வருமானம் முழுவதும் பெட்டிக்குள் இருக்கும் இலாபத்தில்தான் வர வேண்டும். பெட்டி விற்காவிட்டால் அன்றைய நாள் சுழியம். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், ‘இருக்கும் செட்டுக்கே ஏதாவது செய்யலாமா’ என்று கேட்பது, இறைச்சிக் கடையில் போய்க் கத்தரிக்காய் நல்லதா என்று கேட்பது போலத்தான்.

எனது சீட்டு பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் ஒரு குறுக்கு ஒழுங்கையில் கிடைத்தது. உதிரிப்பாகம் எடுக்கப் போனபோது ஒருவர் காட்டிவிட்ட சின்ன இடம். ஒரு மேசை, ஒரு சோல்டரிங் அயன், அதற்குப் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர். நான் விலை கேட்டேன். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “நானா, பின்னால என்ன இருக்கெண்டு பாக்காம வெல சொல்ல ஏலா. கழட்டிப் பாக்க ஆயிரம். வேல செஞ்சா அது கூலியில கழியும். செய்யாட்டி அந்த ஆயிரத்தோட நீங்க போகலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. பார்ப்பதற்கு ஆயிரமா? ஆனாலும் சரி என்றேன்.

இருபது நிமிடத்தில் டேஷ்போர்ட்டில் ஒரு கீறல் இல்லாமல் செட் வெளியே வந்தது. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஸ்பீக்கர், மின்சாரம் போகும் இணைப்பிகளுக்கு அப்பால், ஒன்றும் செருகப்படாமல் ஐந்தும் ஏழுமாகப் பன்னிரண்டு ஊசிகளோடு ஓர் இடம். அது சீடி சேஞ்சருக்குரியது. ஆறு சீடி, பத்து சீடி போடும் பெட்டியொன்றை டிக்கியிலோ சீட்டுக்கடியிலோ வைப்பார்களே, அதை இணைக்கும் வாசல். இந்த வாசலால் வெளியிலிருந்து ஒலியைச் செலுத்தலாம். ஆனால் வெறுமனே கம்பியைச் செருகினால் செட் அதைத் திரும்பியும் பார்க்காது. அங்கே உண்மையிலேயே ஒரு சேஞ்சர் இருக்கிறதா என்று தனது மொழியில் கேட்கும். பதில் வந்தால்தான் கதவைத் திறக்கும். எனக்குப் பூட்டிய அடப்டரின் வேலை அந்தப் பதிலைச் சொல்வது. ‘நான்தான் சேஞ்சர், சீடி ஓடுகிறது’ என்று செட்டை நம்பவைத்துவிட்டு, மறு பக்கத்தால் போனிலிருந்து புளூடூத்தில் வரும் ஒலியை உள்ளே விடும். செட்டின் முகத்தில் சீடி என்று காட்டும். பாடுவது என் போன். வானொலி அலை எதுவும் இடையில் இல்லாததால் மாவனல்லை முதல் பஞ்சிகாவத்தை வரை ஒரே தெளிவு.

இந்த வாசல் எல்லாச் செட்டிலும் இருக்காது. இல்லாவிட்டால் வேறு வழிகள் உண்டு. ஓக்ஸ் துளை உள்ள செட்டுக்கு விரலளவு புளூடூத் ரிசீவர் போதும். அதைச் செருகும்போது எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் ஒரு கீச்சொலி வரக்கூடும். ரிசீவரும் செட்டும் ஒரே மின்சாரத்தில் இரண்டு வழியாக ‘ஏர்த்’ எடுப்பதால் வருவது அது. சிறிய ஐசொலேட்டர் ஒன்றை இடையில் போட்டால் நின்றுவிடும். கசெட் மட்டும் உள்ள செட்டுக்குக் கசெட் வடிவத்திலேயே புளூடூத் கருவி வருகிறது. ஒலி சுமார்தான், ஆனாலும் பிழையில்லை. எதுவுமே இல்லாவிட்டால் செட்டைத் திறந்து, உள்ளே ஒலி போகும் பாதையில் சிறிய புளூடூத் பலகையொன்றை ஒட்ட வைக்கலாம். கார் ஓடும்போது மின்னழுத்தம் 12 இல் நிற்காது, 14 வோல்ட் வரை ஏறும். பலகைக்கு வேண்டியது 5 வோல்ட். இதைக் கவனிக்காதவர் கையில் செட்டைக் கொடுத்தால் புகைதான் வரும். அந்த இளைஞரே சில செட்டுகளைப் பார்த்துவிட்டு, ‘இதில் கை வைக்க மாட்டேன்’ என்று திருப்பி அனுப்பிவிடுவாராம். ஆயிரம் ரூபாவோடு.

இந்த ஆயிரம் ரூபாவைப் பற்றித்தான் நான் பல நாள் யோசித்தேன். பார்ப்பதற்குக் காசு வாங்குகிறபடியால்தான் அவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறது. எதையும் விற்காமலேயே அன்றைய அரிசி வந்துவிட்டது. மச்சான் போன கடையில் அந்த வசதி இல்லை. அங்கே உண்மையைச் சொன்னால் பட்டினி.

கணக்கையும் பாருங்கள். இளைஞரின் மேசையில் முடங்கிய முதல் மிகக் குறைவு. அடப்டரைக்கூட எனது செட்டைப் பார்த்த பிறகு பக்கத்துக் கடையிலிருந்துதான் எடுப்பித்தார். ஒன்றரை மணித்தியாலத்துக்கு நாலாயிரம் ரூபா அவருடைய கைக்கூலி. மற்றக் கடையிலோ சுவர் முழுக்கப் பெட்டிகள். டொலர் ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பெட்டிகளின் மீது கடன் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் புதிய மொடல் வந்தால் பழையது கீழ்த் தட்டுக்குப் போகும். மச்சான் முறைப்பாட்டோடு அங்கே மூன்று தடவை காரை நிறுத்தினார். மூன்று தடவையும் ஒரு பையனின் அரை நாள் போனது. ‘இலவசம்’ என்று பலகை போட்டவர் அதற்கு எப்படிக் காசு கேட்பது? பெட்டியில் கண்ட இலாபம் இப்படித்தான் கரைந்திருக்கும். கடைசியில் வாடிக்கையாளரும் போய்விட்டார்.

செட்டை மாற்றுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. ரிவர்ஸ் கெமரா வேண்டுமென்பவருக்குத் திரை வேண்டும். வரைபடம் பார்த்து ஓடும் டக்ஸி ஓட்டுனருக்கும் அப்படியே. ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா நேவிகேஷன் செட்டுகள் சில, வரைபட எஸ்.டி. அட்டை தொலைந்தால் இயங்க மறுத்துவிடும். பட்டரியைக் கழற்றிப் போட்டதும் இரகசிய இலக்கம் கேட்டு அடம்பிடிப்பவையும் உண்டு. அந்தச் செட்டோடு மல்லுக்கட்டுவதை விட மாற்றுவது மேல். மாற்றினாலும் அந்தக் காருக்குரிய இணைப்பியை வாங்கிப் போட்டால் ஒரு கம்பியும் வெட்ட வேண்டியதில்லை, ஸ்டியரிங் பொத்தானும் பிழைக்கும். அதற்குரிய கூலியைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய செட்டை உரியவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

கூலி கேட்டால் ஆள் வரமாட்டான் என்பதுதான் நம்மவர்களின் பதில். அதில் உண்மை இல்லாமலில்லை. ‘நாலு ஸ்க்ரூ முறுக்க நாலாயிரமா?’ என்று கேட்கும் வாடிக்கையாளன் நாம்தான். அந்த ஒழுங்கையில் எனக்குச் சுருக்கென்றதை மேலே ஒப்புக்கொண்டேன். எனது கடையிலும் இதே கூத்துத்தான். தண்ணீர்ப் பம்ப் வாங்குபவருக்குப் பையனை அனுப்பிப் பூட்டிக் கொடுக்கிறோம், கூலி பம்ப் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. பழைய பம்புக்கு ஒரு சீல் போட்டால் போதும் என்று தெரிந்தாலும் பையன் வாயைத் திறக்கமாட்டான். திறந்தால் என் முகம் கறுக்கும் என்று அவனுக்குத் தெரியும். இந்த மாதம் முதல் பம்ப் ஒரு வரி, கூலி ஒரு வரி என்று சீட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வாரத்தில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் பழைய பம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

இன்னொரு எண்ணமும் கடைத்தெருவில் உலவுகிறது: இறக்குமதி திறந்தாயிற்று, இனிப் பழைய கார் வேலைக்கு எதிர்காலமில்லை என்று. எனக்கு அப்படித் தெரியவில்லை. இந்த விலையில் பழைய கார்கள் இன்னும் பல வருடங்கள் ஓடத்தான் போகின்றன. அதற்கு மேல், புதிய கார்களில் செட் என்பது கழற்றி எடுக்கும் தனிப் பெட்டியாக இருப்பது குறைந்துவருகிறது. ஏசி, கெமரா, காரின் அமைப்புகள் எல்லாம் அந்தத் திரைக்குள்ளேயே. அங்கே பெட்டியை மாற்றும் வியாபாரம் நடக்காது. உள்ளிருப்பதோடு பேசத் தெரிந்தவனுக்குத்தான் வேலை. சேஞ்சர் போல நடித்துச் செட்டைத் திறக்கப் படித்த பையனுக்கு அது அவ்வளவு தூரமில்லை.

இந்தச் சாமான்களைத் தாமே இறக்குமதி செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விடயம். புளூடூத்தாயினும் எப்.எம்.மாயினும் இவை வானலை பரப்பும் கருவிகள். இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி விடயத்தை ஓடர் கொடுக்க முன்னரே பார்த்துவிடுங்கள். சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு ஓடித் திரிவதில் பயனில்லை.

மச்சானின் பிரிமியோவில் பெரிய திரை இப்போதும் இருக்கிறது. கம்பிகளை அந்த இளைஞரிடம் கொடுத்துச் சரிசெய்தாகிவிட்டது, பொத்தான்களும் உயிர்த்தெழுந்தன. அவரது வாப்பாவிடம் பழைய டொல்பின் வேன் ஒன்று நிற்கிறது. அதற்கும் போனை இணைக்க வேண்டுமாம். நம்பரைக் கொடுத்தேன். இளைஞர் விலை சொல்லவில்லை. செட்டைக் கழற்ற முடிந்தால் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், முடியாவிட்டால் ஆயிரத்தோடு வாருங்கள் என்றாராம்.